செருப்பு அலமாரிப் பெட்டி

அந்தக் கட்டடத்தில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். பட்டம் கொடுத்தவர் மனைவியின் அண்ணன். மச்சானுக்கு மின்வேலை. முப்பது வருடமாக ஊரார் வீடுகளுக்கு ஒயர் இழுக்கிறவர். ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும், அணைத்தால் அணைய வேண்டும், நடுவில் வேறு பேச்சுக்கு இடமில்லை என்பது அவர் கட்சி. தங்கை வீட்டுக் கூடத்துக்கு முதல்முறை வந்த அன்று ஸ்விட்சைத் தேடி இருட்டில் சுவரைத் தடவியபடி ஒரு முழுச் சுற்று வந்தார்.

"ஸ்விட்ச் எங்க மாப்ள?"

"ஸ்விட்சே கிடையாது மச்சான். ஆள் உள்ள வந்தா அதுவா எரியும்."

"வந்துட்டேனே! நான் ஆளாத் தெரியலையா அதுக்கு?"

"கொஞ்சம் கையை ஆட்டுங்க."

மச்சான் கையை ஆட்டினார். எரியவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பளீரென்று எரிந்தது. கைகளை இறக்காமலே, "பெரிய விஞ்ஞானிதான் நீங்க" என்றார். கதவு திறந்திருந்ததால் மாடிப்படியில் போனவர்கள் காதில் அது விழுந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

அவன் வேலை பார்த்தது ஒரு பார்சல் நிறுவனத்தின் நான்காவது மாடியில். லாரியில் வந்து இறங்கும் பொட்டலங்களில் எது எந்தச் சரிவில் இறங்கி எந்த ஊர் மூட்டைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருளை எழுதும் கூட்டத்தில் அவன் ஒருவன். இருபத்திரண்டு வருடம் எழுதியிருக்கிறான். எழுதியதில் இன்றைக்கு உயிரோடு இருப்பது எவ்வளவு என்று கேட்டால், கடைசி மூன்று வருடத்தில் எழுதியது மட்டும். அதற்கு முந்தையதையெல்லாம் வேறு யாரோ வந்து துடைத்துவிட்டு வேறு மாதிரி எழுதிவிட்டார்கள். அவனும் அப்படிப் பலருடையதைத் துடைத்தவன்தான். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. ஆனால் கொத்தனார் தான் கட்டிய சுவர் வழியாகப் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். அவனுக்குத் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால்தான் வீட்டில் இதையெல்லாம் செய்தார் என்று நினைக்கிறேன் என்று அவன் மனைவி பிற்பாடு சொல்வாள்.

வீட்டில் செய்தவை ஏராளம். இருட்டில் எழுந்து போனால் கண் கூசாமல் மெல்ல மெல்ல வெளிச்சம் கூடும் குளியலறை விளக்கு. அவளுக்குத் தலைவலி வந்து படுத்திருந்தால் அடங்கிய குரலில் ஒலிக்கும் வாசல் மணி. துணி துவைத்து முடிந்ததும் கைபேசிக்குச் சொல்லியனுப்பும் சலவை இயந்திரம். மாடி வீட்டுக்காரர் உடற்பயிற்சி செய்து குதித்தாலும் அது "துவைத்தாயிற்று" என்று சொல்லும், அது வேறு விஷயம். சமையலறை விளக்குதான் அவளை மிகவும் படுத்தியது. ஆள் அசையாமல் இருந்தால் ஐந்தாவது நிமிடம் அணைந்துவிடும்.

"இந்த விளக்குக்கு டாட்டா காட்டிக்கிட்டே வெங்காயம் நறுக்கற பொம்பளை உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்பாள். "என்னைக்காவது விரலை நறுக்கிக்கப் போறேன். அப்ப அசைவு நல்லாத் தெரியும் உங்க விளக்குக்கு."

இத்தனைக்கும் மூளை, வாசலை ஒட்டிய செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து, புதிய டிஸ்குகள் போட்டு, பின்பலகையில் துளையிட்டு ஒரு காற்றாடி பொருத்தி, அங்கே வைத்திருந்தான். வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. விளக்குகளும் வாசல் மணியும் அதன் சொல்படிதான் நடந்தன. பதினேழு வருடப் புகைப்படங்கள் அதற்குள்தான் இருந்தன. வெளியார் யாரிடமும் கொடுத்து வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்திருந்தான். நான்கு வருடத்துக்கு முன்பு இறந்துபோன மாமியாரின் குரலும் அதற்குள் இருந்தது. கைபேசியில் எழுதத் தெரியாமல் பேசியே அனுப்பிய அறுபத்தோரு சின்னச் செய்திகள். அவை வந்து சேர்ந்த மனைவியின் கைபேசி பிறகு தண்ணீரில் விழுந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி அதில் ஒன்றைப் போட்டுக் கேட்பாள். ஒன்றுதான், இரண்டாவது கேட்க மாட்டாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் ஓய்ந்து வெகு காலம் ஆகிறது. வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக்கொண்டே பெட்டியை ஒரு தட்டு தட்டி, "மருமகப்பிள்ளை சௌக்கியமா?" என்று மச்சான் கேட்பார். அவரைத் தவிர வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவள் முகம் மாறியிருக்கும்.

பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் தெரு வழியாகப் போகும் ஒரேயொரு பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும் சின்னப் பக்கம். வழியில் வண்டி எங்கெங்கே தாமதிக்கிறது என்பதையெல்லாம் கணக்கில் வைத்து, அச்சடித்த அட்டவணையைவிடச் சரியாகச் சொல்லும். ஊருக்கே பயன்படும் என்று நினைத்து ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினான். பயன்படுத்தியவர்கள் மூன்று பேர். அவன், அவன் மனைவி, யாரென்றே தெரியாத இன்னொருவர். பெட்டி குறித்து வைக்கும் வருகைக் கணக்கின்படி, அந்த மூன்றாவது ஆள் விடுமுறை நாள் தவிர எல்லா நாளும் காலை ஆறு நாற்பதுக்கு, தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்துக்கு வண்டி எப்போது வரும் என்று பார்ப்பார். நான்கு வருடமாக. ஒருநாள் விடியற்காலையில் அவனே கிளம்பி அந்த நிறுத்தத்தில் போய் நின்றான். ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவர் என்று தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு, அதே வண்டியில் ஏறி வீடு திரும்பினான்.

"ஒருத்தருக்காகவா இதை ஓட்டறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"நிறுத்திட்டா அந்த ஒருத்தர் மழையில நிப்பாங்களே."

நாற்பத்தாறாவது வயதில், மூன்றாவது மாடியில் இருந்த வீட்டுக்கு ஏறும்போது இரண்டாவது மாடியில் நிற்க ஆரம்பித்தான். முதலில் கைபேசியைப் பார்ப்பதுபோல நின்றான். பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமலே நின்றான். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்று தெரிந்தது. மாற்ற வேண்டும். மார்பைத் திறந்து செய்கிற வேலை.

"நல்லாத்தான் நடக்கும்" என்றார் மருத்துவர்.

"எத்தனை பேருக்கு நல்லா நடக்காது?" என்றான் அவன்.

மருத்துவர் அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நூத்துல ரெண்டு பேர்" என்றார்.

அவள் அதைக் கேட்டு மூச்சு விட்டாள். அவனால் முடியவில்லை. லட்சத்தில் ஒரு தடவைதான் தவறும் என்று அலுவலகத்தில் எழுதி வைத்த எதுவும் ஒரு நாளைக்கு நான்கு தடவை தவறுவதைப் பார்த்துப் பழகியவன் அவன். நாளொன்றுக்கு நான்கு லட்சம் பொட்டலம் ஓடும் இடம் அது. அவனுக்கு நூற்றில் இரண்டு என்பது சிறிய எண் இல்லை.

சாவைப் பற்றி அவன் அதிகம் யோசிக்கவில்லை. அவன் கண்முன் திரும்பத் திரும்ப வந்தது ஒரே காட்சி: தான் இல்லாத வீட்டில், என்றாவது எல்லாம் நின்றுபோன ஒரு நாளில், அவள் இருட்டில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். எரியவில்லை. அம்மாவின் குரலைப் போட்டுப் பார்க்கிறாள். வரவில்லை. கேட்க ஆள் இல்லை.

அதனால் நோட்டுப்புத்தகம் எழுதினான். அறுபது பக்கம். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எழுத்துகளை உற்றுப் பார்க்கிறவர்களோடு நாள் முழுக்க இருந்து அவளுக்குப் பொறுமை அதிகம். ஆறு பக்கம் படித்துவிட்டு மூடினாள்.

"இது யாருக்கு எழுதினது?"

"உனக்குத்தான்."

"எனக்கு எழுதின மாதிரி இல்ல. நீங்க உங்களுக்கே போட்ட லெட்டர் மாதிரி இருக்கு."

மறுபடி எழுதினான். ஒன்பது பக்கம். எது எங்கே இருக்கிறது, எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம், எந்தக் கம்பியைத் தொடக் கூடாது. முதல் பக்கத்துக்கு 'மின்சாரம் போய்ப் பெட்டி அணைந்துவிட்டால்' என்று தலைப்பு. கடைசிப் பக்கத்தில் மூன்றாவது ஆளைப் பற்றி இரண்டு வரி, அந்தக் கணக்கை எங்கே பார்ப்பது என்று. அதை அவள் முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை செஞ்சு பார்த்துடலாம்" என்றாள்.

"எதை?"

"இதைத்தான். கடையில புதுக் கண்ணாடி குடுத்தா, போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்கன்னு சொல்லுவோம். சீட்டுல இருக்கற நம்பரை நம்பி யாரையும் அனுப்ப மாட்டோம். பெட்டியை அணைச்சுடலாம். நான் இதைப் பார்த்து எழுப்பறேன். நீங்க பக்கத்துல இருக்கலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

"ஒரு சந்தேகம் வந்தாக்கூடவா?"

"நீங்க இல்லைன்னு வெச்சுக்கிட்டுத்தானே எழுதியிருக்கீங்க. இல்லாதவங்க பேச மாட்டாங்க."

அறுவை சிகிச்சை வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலை பத்து மணிக்கு மச்சான் வந்தார். அவரைச் சாட்சிக்கு என்று அவள்தான் அழைத்திருந்தாள். அவன் கூடத்து நாற்காலியில், அலமாரி தெரிகிற மாதிரி உட்கார்ந்தான். அவள் செருப்புகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தாள். மச்சான் பிளக்கைப் பிடித்தார். பெட்டியோடு ஒரு பேட்டரியும் சேர்ந்திருந்தது. கரண்டு போனாலும் அரைமணி நேரம் தாங்கும். அதனால் அந்தப் பெட்டி இருநூற்றுப் பதினோரு நாளாக ஒருமுறைகூட அணைந்ததில்லை. அந்தக் கணக்கில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

"மருமகப்பிள்ளை, கொஞ்ச நேரம் தூங்குடா" என்று சொல்லிப் பேட்டரியையும் சேர்த்து இழுத்துவிட்டார் மச்சான்.

காற்றாடி ஓய்ந்தது. அந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது என்பது அது நின்றபோதுதான் மூவருக்கும் தெரிந்தது.

அவள் பிளக்கை மாட்டினாள். முதல் வரியைப் படித்து அதன்படி செய்தாள். இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்குப் பழைய கீபோர்டை எடுத்து மாட்டினாள். சின்னத் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. அவன் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் அவன் எழுதிய மாதிரியே நடந்தது. தான் இல்லாமல் அவள் சரியாகச் செய்கிறாள் என்பதில் நிம்மதியும், சொல்லத் தெரியாத இன்னொன்றும் சேர்ந்து நெஞ்சில் ஏறின.

நான்காவது வரி. 'திரை கடவுச்சொல் கேட்கும். சாவிக்கொத்தைத் திறந்து, பெட்டி என்ற பெயருக்கு நேரே உள்ள வாக்கியத்தை அப்படியே அடி.'

சாவிக்கொத்து என்பது எல்லாக் கடவுச்சொற்களையும் சேர்த்து வைத்திருக்கும் இடம். அவள் கைபேசியில் அதைத் திறந்தாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது. அவள் மூடித் திறந்தாள். மறுபடியும் வட்டம்.

அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாவிக்கொத்து இருப்பது பெட்டிக்குள். கைபேசி அதைப் பெட்டியிடம் கேட்டுத்தான் காட்டும். கைபேசி திருடு போனாலும் ஆபத்தில்லாமல் இருக்கட்டும் என்று அவனே அப்படிச் செய்து வைத்திருந்தான். பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறான். பெட்டி விழித்திருந்த இருநூற்றுப் பதினோரு நாளும் அது தெரியவில்லை. அறுபது பக்கம் எழுதியபோதும் தெரியவில்லை, அதை ஒன்பதாகச் சுருக்கியபோதும் தெரியவில்லை.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். முன்னால் திருப்பினாள். விரலால் வரியைத் தடவிப் படித்தாள். அவன் பேசாமல் இருந்தான். விதிக்குக் கட்டுப்பட்டு இல்லை. தான் இல்லாமல் போயிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்பதை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல்.

"மாப்ள, ஏன் முகம் வெளுத்துப்போச்சு?" என்றார் மச்சான்.

"அவர் இல்லண்ணா. அவர்கிட்டப் பேசாதீங்க" என்றாள் அவள், நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

"சாவி உள்ள இருக்கு" என்றான் அவன்.

அவள் திரும்பினாள். அவன் சொன்னான். மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். "பூட்டுக்காரன் வீட்டுலயே..." என்று எதையோ தொடங்கியவர், தங்கை சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அம்மா பேசினதும் உள்ளதானா?"

"ஆமா மச்சான்."

"எங்க வீட்டுல ஒரு டிஸ்கு குடுத்து வெச்சீங்களே, தீப்பிடிச்சாக்கூட அதுல இருக்கும்னு?"

"அதுக்கும் இதே பூட்டுதான்."

மச்சான் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

அவன் கீபோர்டை வாங்கி அடித்துப் பார்த்தான். பழைய கடவுச்சொல் விரலில் இருந்தது. ஆனால் அதைத்தான் மாற்றிவிட்டானே, இருநூற்றுப் பதினோரு நாளுக்கு முன்னால். அலுவலகத்தில் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடந்தது. சொல்லாக வைக்காதே, ஒரு முழு வாக்கியமாக வை, உனக்கு மட்டும் தோன்றுவதாக வை என்றார்கள். மறுநாள் காலையில் மாற்றினான். இரண்டே தடவை அடித்தான். சாவிக்கொத்தில் எழுதினான். மறந்தான். மறப்பதற்குத்தானே சாவிக்கொத்து. இப்போது ஏழு வாக்கியம் அடித்துப் பார்த்தான். ஏழும் இல்லை. எட்டாவதுக்கு விரலைத் தூக்கி, அப்படியே வைத்திருந்தான்.

"கொஞ்சம் விடுங்க" என்று அவள் கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தினாள். "கண்ணைச் சுருக்கிப் பார்த்தா எழுத்து தெரியாது. நான் கேக்கறேன், எது தெளிவுன்னு மட்டும் சொல்லுங்க. நீங்களா யோசிச்சதா, யாரோ சொன்னதா?"

கடையில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும் அதே குரல்.

"யாரோ சொன்னது."

"ஆபீஸா, வீடா?"

"வீடு. இங்கதான். இதே இடத்துல."

"உக்காந்திருந்தீங்களா, நின்னீங்களா?"

"உக்காந்து... அலமாரியை மறைச்சுக்கிட்டு."

"கதவு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

"திறந்து. யாரோ போயிட்டிருந்தாங்க."

அவள் ஒதுக்கி வைத்திருந்த செருப்புகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஒரு கால்ல கறுப்பும் ஒரு கால்ல காப்பிக் கலருமாச் செருப்பு மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போனேனே, அந்த நாளா?" என்றாள்.

அந்த நாள்தான். விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. அவன் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு செருப்புகளை மறைத்து உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நேரமாகிவிட்டது. "கொஞ்சம் நகருங்க", "நகருங்கன்னா", "காது கேக்குதா இல்லையா" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கிடைத்த இரண்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் சிரித்தான். வகுப்பில் சொன்ன மாதிரி வாக்கியம். இதை எந்தத் திருடன் கண்டுபிடிப்பான் என்று அதையே அடித்தான்.

முழுசாக நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு சொல் குறையாமல்.

அவன் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். அதை அவள் காதில் இப்போது எப்படிப் போடுவது? மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அவள் குளிக்கப் போகும்போது தானே அடித்துவிடலாம். பிறகு வேறு ஏதாவது நல்ல வார்த்தையாக மாற்றிவிடலாம். இப்படி யோசித்துக்கொண்டே நிமிர்ந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன. அவளுக்கும் வந்துவிட்டது.

"எதாவது தெளிவா?" என்றார் மச்சான்.

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள். மூன்று உதை கழித்து அது கிளம்பிப் போயிற்று.

"கோவத்துல சொன்னது" என்றாள்.

"தெரியும்."

"இப்படியா எடுத்து வெச்சுக்குவாங்க ஒருத்தர்?"

"நல்லா இருந்துச்சு. அதான்."

அவள் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டே விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். திரையில் எழுத்து தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிதான் விழும். மச்சான் எட்டிப் பார்த்தும் அவருக்குப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நீங்க செத்தாலும் இந்தப் பெட்டி சாகாது. ஐந்து சொல். அடித்து முடித்துக் கடைசி விசையை அழுத்திவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

காற்றாடி வேகம் பிடித்தது. கூடத்து விளக்கு எரிந்தது. எதற்கென்று தெரியாமல் வாசல் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

மச்சான் கேட்டுக்கொண்டதால் அம்மாவின் குரலில் ஒன்றைப் போட்டாள். "போனை எடுக்காம என்னதான் பண்ணுவியோ. வானம் கறுத்துக்கிட்டு வருது. துணியை எடு. எடுத்தியா? எடுத்துட்டுச் சொல்லு" என்றார் அந்த அம்மாள், எப்போதும் போல மூச்சு விடாமல். மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது எந்த மழைக்கோ" என்றார். அன்றைக்கு அவள் இரண்டாவதும் கேட்டாள்.

மச்சான் போன பிறகு அவன் கீபோர்டை எடுத்தான். "மாத்திடலாம். நல்ல வார்த்தையா நீயே ஒண்ணு சொல்லு."

"வேண்டாம்."

"வெள்ளிக்கிழமையை வெச்சுக்கிட்டு எதுக்கு அது?"

"நல்ல வார்த்தை எனக்கு மறந்துபோகும். இது மறக்காது." நோட்டை எடுத்து, நான்காவது வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே தன் கையெழுத்திலேயே அந்த ஐந்து சொல்லையும், அவன் அன்று அடித்த அதே எழுத்துகளில் எழுதினாள். பேனா ஒரு இடத்தில் நின்றது. பிறகு போயிற்று. "பேட்டரி மட்டும் பழசாயிருச்சுன்னு அண்ணா சொல்றாரு. நீங்க வந்ததும் மாத்திக்கலாம்."

வந்ததும் என்று அவள் சொன்னதை அவன் கவனித்தான். சரி என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அவனைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சலவை இயந்திரத்தின் செய்தியை நம்பாதே என்று சொல்ல வாயெடுத்தான். "பேசாதீங்க" என்றாள், அவன் கையை விடாமல். "இப்ப நீங்க இல்ல." நர்சுக்கு அது புரியவில்லை. அவர்கள் இருவரும் சிரித்தார்கள். கதவு வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது.

அவனுக்கு மறுபடி கண் திறந்தபோது எது பகல் எது இரவு என்று சொல்ல முடியாத வெளிச்சம். தொண்டைக்குள் குழாய். மார்பின் மேல் யாரோ ஒரு பெட்டியை ஏற்றி வைத்த மாதிரி பாரம். தலைமாட்டில் ஒரு இயந்திரம் விட்டுவிட்டு ஒலித்தது. அது எதற்காக ஒலிக்கிறது என்று யோசிக்கப் பார்த்து, முடியாமல் விட்டான். பிறகு அவள் முகம் தெரிந்தது. வாயும் மூக்கும் மூடிய துணிக்கு மேலே கண்கள் மட்டும்.

"சனிக்கிழமை சாயங்காலம்" என்றாள். அவனுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "எல்லாம் ஆச்சு. குழாயை நாளைக்கு எடுத்துடுவாங்களாம். அண்ணா வெளியில இருக்காரு."

அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"பாத்ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் அண்ணா ஸ்விட்ச் வெச்சுட்டாரு. உங்களைக் கேக்கலை."

குழாய் விட்ட அளவுக்குத் தலையை அசைத்தான். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு விடியக்காலையில கரண்டு போச்சு. ராத்திரி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அஞ்சரைக்கு எழுந்தேன், எதுவும் எரியலை, காத்தாடிச் சத்தமும் இல்ல. பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்கலை போல. ஆறு பத்துக்குக் கரண்டு வந்துச்சு. நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன்."

அவன் அவளையே பார்த்தான்.

"முதல் தடவை திறக்கலை." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ரெண்டாவது வார்த்தையை விட்டுட்டேன். கை வரலை. நீங்க இங்க இப்படிக் கிடக்கீங்க, யாரும் பார்க்கலைன்னாலும் எப்படி அடிக்கறது அதை? அது இல்லாம அடிச்சா ஒத்துக்குமோன்னு பார்த்தேன். ஒத்துக்கலை." கண்ணை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் சேர்த்தே அடிச்சேன்."

இயந்திரம் ஒலித்தது. ஒரு நர்ஸ் வந்து எதையோ அழுத்திவிட்டுப் போனார்.

அவன் போர்வையின் மேல் வலது கையை நகர்த்தினான். ஊசி குத்தியிருந்த கை, மெல்லத்தான் வந்தது. மூன்று விரல்களை நிமிர்த்திக் காட்டினான். அவளுக்கு முதலில் புரியவில்லை. வலி எத்தனை என்று சொல்கிறானோ என்று நினைத்து நர்ஸைத் தேடித் திரும்பினாள். அவன் மறுபடி காட்டினான். மூன்று.

"ஓ" என்றாள். "வந்தாங்க. கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தீங்களே, அங்க போய்ப் பார்த்தேன். பெட்டி எழுந்தது ஆறு முப்பத்தொன்னுக்கு. ஆறு நாப்பதுக்கு வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க."

மூன்று விரல்களும் மெல்ல மடங்கின.

"வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டாம்" என்றாள். போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டாள்.